பதினேழு ஓட்டைகளும் என்னுடையவை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் தாங்கள் சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் யார் என்பதும் தெரியும். ஆகவே அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போகிறேன். இங்கே உடம்பு இரண்டும் நலம். மனம் இரண்டில் ஒன்று நலம். நலமாக இருப்பது என் மனைவியின் மனம். அவள்தான் என்னை மேசையில் உட்காரவைத்து, பேனாவில் மை இருக்கிறதா என்று உதறிப் பார்த்து, "எழுதி முடிக்காம வெளிய வராதீங்க" என்று கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறாள்.

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம். தங்கள் கேனில் குறை எதுவும் இல்லை. இதைப் படித்த உடனே, மாடியில் தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்திருக்கும் கேன்களை எல்லாம் கவிழ்த்துவிட்டுத் துடைத்து, பழையபடி கடைக்கு இறக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இத்தோடு கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம். ஆனால் விடையை மட்டும் எழுதுகிறவனுக்குப் பாதி மதிப்பெண்தான், செய்முறையைக் காட்டினால்தான் மீதி என்று முப்பத்துநான்கு வருஷம் பிள்ளைகளை வாட்டியவன் நான். என் செய்முறையைக் காட்டாமல் தப்பிக்கக் கூடாது.

பள்ளியின் பழைய ஆய்வகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றுவதற்கு முன்னால், அலமாரிகளிலும் கை கழுவும் தொட்டிக்கு அடியிலும் பல வருஷமாகச் சேர்ந்து கிடந்த ரசாயனக் கழிவைத் தரம் பிரித்துத் தர வேண்டும் என்று தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டது தங்களுக்குத் தெரியும். கழிவை எடுத்துப்போக வருகிற வண்டிக்காரர்கள் கண்டிப்பானவர்கள். எந்தக் கழிவு எதில் இருக்கலாம், எதில் இருக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். பொருந்தாத ஒன்றில் இருந்தால் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். எனக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். ஓய்வு பெற்ற ஆறு வருஷத்தில், 'குடையை எங்கே வைத்தீர்கள்' என்பதைத் தவிர வேறு கேள்வி எதையும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் தங்கள் வீட்டுக்கு வந்தேன், தங்களோடு சாப்பிட உட்கார்ந்தேன், இரண்டாம் முறை பரிமாறும்போது வாயை விட்டேன்.

"வேலையெல்லாம் சுலபம் சம்பந்தி. நல்ல பாத்திரம்தான் கிடைக்க மாட்டேங்குது."

பட்டியலில் இருந்த சொல் 'கொள்கலன்'. நான்தான் சாப்பாட்டு வேளையில் எதற்கு அவ்வளவு பெரிய சொல் என்று 'பாத்திரம்' என்றேன். என் மனத்தில் இருந்தது தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் கேனும் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலும். ஆனால் நாற்பத்தோரு வருஷம் பாத்திரக்கடை நடத்திய ஒருவரிடம், அவர் வீட்டுத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டே, நல்ல பாத்திரம் கிடைக்கவில்லை என்று சொன்னால் அவருக்கு என்ன தோன்றும்? தாங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தீர்கள். வைத்த விதத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் எங்கள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பன்னிரண்டு அலுமினிய கேன்கள். திருகு மூடி, மூடிக்குள் ரப்பர் வளையம், பிடிக்கக் கைக்கு இதமான வளைவு. ஒவ்வொன்றின் வயிற்றிலும் 'அன்புடன் சம்பந்தி' என்று பெயர் வெட்டியிருந்தது. கடையில் பெயர் வெட்டுகிறவரை விட்டுச் செய்யாமல் தாங்களே உட்கார்ந்து வெட்டியதாக மகள் பிறகு சொன்னாள். சொல்லியிருக்கவே வேண்டாம். அந்த 'ம்'மின் புள்ளி ஒவ்வொரு கேனிலும் ஒவ்வொரு இடத்தில் இருந்தது. இப்போதெல்லாம் தங்கள் கை நடுங்குகிறது என்பதை நான் அந்தப் புள்ளிகளில் படித்தேன்.

என் மனைவி ஒரு கேனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது உங்க வேலைக்கு ஆகுமா?"

"ஆகாது."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. அமிலம் இதைத் தின்னுடும். காரம் அதைவிட வேகமாத் தின்னும்."

"அப்ப சம்பந்திகிட்டச் சொல்லிடுங்க. அவருக்குத் தெரியாததா? மாத்திக் கொடுப்பாரு."

"சொல்றேன், சொல்றேன்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. தாங்கள்தான்.

"கேன் வந்துச்சா சம்பந்தி? பொருத்தமா இருக்கா?"

"பிரமாதம் சம்பந்தி! மிகப் பொருத்தம்!"

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் மனைவி கேனை மெதுவாகக் கீழே வைத்தாள். "உங்க பசங்கள்ல எவனாவது இப்படிப் பதில் சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டாள். பெஞ்சின் மேல் நிற்கவைத்திருப்பேன்.

சம்பந்தி, இங்கே ஒரு சிறிய பாடம் சொல்ல அனுமதிக்க வேண்டும். பழக்கம் போகவில்லை. பாத்திரம் நல்லதா கெட்டதா என்று எங்கள் வேலையில் யாரும் கேட்பதில்லை. எதற்கு என்று கேட்பார்கள். ஓர் உதாரணம். மழைக்கு நல்ல குடை புயலுக்கு ஆகாது. அதனால் குடையைக் குறை சொல்ல முடியுமா? அமிலக் கழிவுக்குத் தடித்த பிளாஸ்டிக் சரி, உலோகம் ஆகாது. குளோரோஃபார்ம் போன்றவை தடித்த பிளாஸ்டிக்கையும் ஊறவைத்துக் கொழகொழவென்று ஆக்கிவிடும். அவற்றுக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடிதான் எல்லாவற்றுக்கும் மேல் என்று நினைத்தால், கண்ணாடியையே அரிக்கிற அமிலமும் உலகத்தில் இருக்கிறது. நல்லவேளை எங்கள் பள்ளியில் இல்லை. அப்புறம், எதையும் கழுத்துவரை நிரப்பக் கூடாது, மேலே ஒரு கையளவு இடம் விட வேண்டும். வாயு விடுகிற கழிவை இறுக்கி மூடவே கூடாது. இந்தக் கடைசி விதியைக் கத்திக் கத்தித்தான் பிள்ளைகள் எனக்கு 'மூடி வாத்தியார்' என்று பெயர் வைத்தார்கள். மூடி வாத்தியார் மூடியால்தான் கெட்டார் என்று இப்போது முழுப் பள்ளிக்கும் தெரியும்.

இத்தனையும் தெரிந்த நான் என்ன செய்தேன்? தங்கள் மனமும் நோகக் கூடாது, வேதியியலும் நோகக் கூடாது என்று ஒரு வழி கண்டுபிடித்தேன். பள்ளியில் வாங்கிக் கொடுத்த சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பாட்டில்களில் கழிவை அடைத்து, அந்தப் பாட்டில்களைத் தங்கள் கேன்களுக்குள் நிறுத்தினேன். பாட்டில் கவிழ்ந்தாலும் வெளியே வராது. கேனும் பயன்படும், பெயரும் தெரியும். ஆய்வக உதவியாளர் அம்மாவை அங்கே எல்லோரும் சீட்டம்மா என்பார்கள். எதைப் பார்த்தாலும் அதன் மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுவார். அவருடைய சாப்பாட்டு டப்பாவில் 'இது சாப்பாடு' என்று ஒட்டியிருக்கும். நான் செய்ததைப் பார்த்துவிட்டு, "சம்பந்திக்கும் பாட்டிலுக்கும் நடுவுல நல்லாத்தான் சமாதானம் பண்றீங்க சார்" என்றார். சொல்லிவிட்டுக் கேன்களுக்குத் தன் கடமையைச் செய்தார். எங்கே ஒட்டுகிறார் என்பதை நான் கவனிக்கவில்லை.

அந்த ஏற்பாடு அப்படியே இருந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஆனால் தாங்கள் அந்த வெள்ளிக்கிழமை காலை கேன்களைப் பார்க்க நேரில் வருவதாகச் சொன்னீர்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பாட்டில் தெரியும். 'என் கேன் நேரடியாக ஆகாதா?' என்று தாங்கள் கேட்டால் நான் என்ன சொல்வேன்? ஒரே ஒரு கேனிலாவது உண்மையாகவே எதையாவது ஊற்றி வைத்திருந்தால் அதைத் திறந்து காட்டிவிடலாம் என்று தோன்றியது. பதினொரு கேன்கள் ஆகிவிட்டன. பன்னிரண்டாவது காலியாக இருந்தது. மூலையில் ஒரு வாளி நிறைய நீலத் தண்ணீர் இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பரிசோதனை செய்து மிச்சம் விட்ட மயில்துத்தத் (காப்பர் சல்பேட்) தண்ணீர். சோதனைக் காகிதத்தை முக்கிப் பார்த்தேன், லேசாகத்தான் சிவந்தது. பார்ப்பதற்கும் அழகாக இருந்தது. வெள்ளி நிறக் கேனில் நீலத் தண்ணீர் இருந்தால் தங்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். ரசாயனத்தை அழகு பார்த்துத் தேர்ந்தெடுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சார்" என்றார் சீட்டம்மா. "மயில்துத்தத்தை அலுமினியத்துலயா ஊத்துறீங்க?"

"ஒரு மணி நேரம்தாம்மா. அவர் பாத்துட்டுப் போனதும் மாத்திடலாம்."

"ஆணிப் பாடம் நடத்துறப்ப நீங்களே சொல்வீங்களே சார்..."

"அது இரும்பு ஆணிம்மா. இது அலுமினியம்."

இந்தப் பதிலை ஒரு மாணவன் எழுதியிருந்தால் சுழி. சுழிக்குப் பக்கத்தில் 'பெற்றோரை அழைத்து வா' என்று எழுதியிருப்பேன். எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் நான் செய்து காட்டுகிற முதல் சோதனை அதுதான். நீலத் தண்ணீரில் இரும்பு ஆணியைப் போட்டால், சற்று நேரத்தில் ஆணியின் மேல் செம்பு படியும், ஆணி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பேருந்தை உதாரணம் சொல்வேன். செம்பு உட்கார்ந்திருக்கிற இருக்கைக்கு இரும்பு வந்து 'எழுந்திரு' என்கிறது. செம்பு எழுந்து வெளியே போகிறது. இரும்பு உட்கார்ந்துகொள்கிறது. அலுமினியம் இரும்பைவிட முரட்டுப் பயணி, சம்பந்தி. அது 'எழுந்திரு' என்று கேட்கக்கூடச் செய்யாது, தள்ளிவிட்டு உட்காரும். ஆனால் அந்தப் பயணி எங்கிருந்து எழுந்து வருகிறார்? கேனின் சுவரிலிருந்து. ஒவ்வொருவராக எழுந்து வந்தால் சுவரில் என்ன மிஞ்சும்? ஓட்டைதான் மிஞ்சும்.

அலுமினியத்துக்கு மேலே மெல்லிய தோல் ஒன்று உண்டு, ஒரு மணி நேரம் அது காப்பாற்றும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டது உண்மை. அதுவும் பாதி உண்மைதான். உப்பு சேர்ந்தால் அந்தத் தோல் தாங்காது, சூடும் வாயுவும் கிளம்பும். முந்தின நாள் மாலை உப்புக் கரைசல் இருந்த ஏழெட்டுக் குடுவைகளைக் கழுவி, நடந்துபோக அலுப்பாக இருந்ததால் அந்த வாளியிலேயே கொட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? வாளியின் மேல் சீட்டம்மா ஒட்டிய சீட்டில் 'வேறு எதையும் கலக்கக் கூடாது' என்று இருந்தது. ஊற்றினேன். மூடியை, ரப்பர் வளையம் கச்சிதமாக உட்காரும்படி, நன்றாகத் திருகி இறுக்கினேன்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன தாங்கள் பதினொன்றரைக்கு வந்தீர்கள். புதுச் சட்டை வாங்கி மாற்றிக்கொண்டு வந்ததால் தாமதம் என்று மகள் பிறகு சொன்னாள். பள்ளிக்கூடத்துக்குள் நுழைவது ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் முறை என்றும் சொன்னாள். சீட்டம்மா பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டாமல் ஒருவரையும் உள்ளே விட மாட்டார். தாங்கள் அதை மாட்டிக்கொண்டு, விமானம் ஓட்டப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து வந்தீர்கள். தலைமையாசிரியை கைகூப்பினார். அப்போதுதான் எல்லோரும் அந்த வரிசையைப் பார்த்தோம். பன்னிரண்டு கேன்களிலும் 'அன்புடன் சம்பந்தி'. தாங்கள் வெட்டிய எழுத்துக்கு நேர் கீழே, விரல் அகலம்கூட இடைவெளி விடாமல், சீட்டம்மாவின் சீட்டு: 'ஆபத்து. தனியே வைக்கவும். குலுக்கக் கூடாது.'

தாங்களோ குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தீர்கள்.

"இந்தச் சீட்டுல ஒண்ணு எனக்குத் தாங்கம்மா. வீட்டுல காட்டணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கா."

தலைமையாசிரியை சிரித்தார், சீட்டம்மாவும் சிரித்தார். நானும் நன்றாகச் சிரித்தேன். இவ்வளவு நல்ல மனிதரிடம் 'இது ஆகாது' என்ற இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு என்ன கேடு என்று அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை. தாங்கள் பாத்திரக்காரர் பழக்கப்படி ஒவ்வொரு கேனையும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனீர்கள். பன்னிரண்டாவதைத் தட்டவில்லை. அதன்மேல் உள்ளங்கையை வைத்தீர்கள்.

"சம்பந்தி, இது ஏன் சுடுது? உள்ள காபியா?"

நான் பதில் சொல்வதற்கு முன் கேன் பதில் சொன்னது. 'டப்' என்ற சத்தத்தோடு மூடி கூரைவரை போய் இடித்து, கீழே விழுந்து, விளிம்பில் நின்றபடி உருளத் தொடங்கியது. மேசைக்கு அடியில் போனது, வெளியே வந்தது, அலமாரியைச் சுற்றியது. நால்வரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் தலைமையாசிரியையின் செருப்பில் முட்டி, இரண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது. அதற்குள் கேனின் வாயிலிருந்து செம்மண் குழம்பு மாதிரி பொங்கி வந்தது. வயிற்றிலிருந்து, 'சம்பந்தி' என்ற எழுத்தைச் சுற்றி, ஊசி முனையால் குத்தியது போன்ற ஓட்டைகளின் வழியாக நீலத் தண்ணீர் தங்கள் புதுச் சட்டையில் பீய்ச்சியடித்தது. சீட்டம்மா தங்களைப் பின்னால் இழுத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, தண்ணீர்க் குழாயடியில் நிறுத்தினார். மணலைக் கொட்டினார், ஜன்னல்களைத் திறந்தார். யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. அதற்கு மட்டும் நான் நன்றியோடு இருக்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். கடிதத்தில் இந்த இடத்துக்கு வந்ததும் இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரண்டு முறையும் என் மனைவி சமையலறை வாசலில் நின்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "எப்படி ஆச்சு சார்?" என்று கேட்டார். என் மாணவி அவர். நான் ஆணிப் பாடம் நடத்தியபோது மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவருக்கு முன்னால், எட்டாம் வகுப்புப் பாடத்தில் தவறிவிட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நான் சொன்னேன்:

"பாத்திரத்துல ஏதோ குறை போலிருக்கு."

நாலே நாலு சொல். தாங்கள் குழாயடியில் பனியனோடு, தலையில் சொட்டச் சொட்டத் தண்ணீரோடு, கண்ணாடியை இன்னும் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தீர்கள். குழாயை மூடினீர்கள். மணல் மேல் சாய்ந்து கிடந்த கேனைச் சீட்டம்மா கழுவிக் கொடுக்கும்வரை காத்திருந்து, வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தீர்கள். உதடுகள் அசைந்தன. எண்ணினீர்கள்.

"பதினேழு" என்றீர்கள். பிறகு என்னைப் பார்க்காமல் கேனிடமே சொன்னீர்கள்: "நாப்பத்தோரு வருஷம். கைப்பிடி கழண்டுடுச்சுன்னு வந்திருக்காங்க. நசுங்கிடுச்சுன்னு வந்திருக்காங்க. ஒழுகுதுன்னு ஒருத்தர் வந்ததில்ல." அப்புறம் தலைமையாசிரியையிடம், "மன்னிச்சுக்கங்க டீச்சரம்மா, உங்க தரை வீணாப்போச்சு. வேற அனுப்பிவைக்கிறேன்" என்றீர்கள். கேனைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடி படியிறங்கிப் போனீர்கள். அப்போதாவது நான் ஓடி வந்திருக்க வேண்டும். நான் தரையைத் துடைப்பதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். துடைத்தது சீட்டம்மா.

அன்று சாயங்காலமே மகள் கூப்பிட்டாள். தாங்கள் கடையிலிருந்த கேன் அத்தனையையும் மாடிக்கு ஏற்றி, தண்ணீர் ஊற்றி, கீழே செய்தித்தாள் விரித்து, தாள் நனைகிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். சோதனை முடியும்வரை ஒன்றைக்கூட விற்கக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் கறாராகச் சொல்லிவிட்டீர்களாம். கூப்பிட்டால் சாப்பிட வருவதில்லையாம்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. பாத்திரமா, நீங்களா?"

"ரெண்டும் சேந்துதாம்மா. ஒண்ணு மட்டும் இருந்தா வினை நடக்காது..."

"அப்பா."

"நான்தாம்மா."

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? மாமாகிட்டச் சொல்லுங்க. அவரு இன்னிக்கு எங்கிட்ட என்ன கேட்டாரு தெரியுமா? 'இத்தனை வருஷமும் ஓட்டைப் பாத்திரத்தையா ஊருக்கு வித்தேன்'னு கேட்டாரு."

அதற்குப் பிறகு மூன்று முறை தங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். தங்களுக்கு நினைவிருக்கும். முதல் முறை முழங்கால் வலி பற்றிப் பேசினோம். இரண்டாம் முறை வெயிலைப் பற்றி. மூன்றாம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு "சம்பந்தி, அந்தக் கேன் விஷயம்..." என்று ஆரம்பித்தேன். தாங்கள் "வேணாம் சம்பந்தி, எனக்கே வெக்கமா இருக்கு" என்றீர்கள். வெட்கப்பட வேண்டியவன் இந்தப் பக்கம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள். உடனே திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம். எழுத்தில் இருந்தால் நான் பின்வாங்க முடியாது.

நேற்று தலைமையாசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஆணிப் பாடம்தானே சார்?" என்றார். அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்துச் சும்மா இருந்திருக்கிறார். "இதை நீங்களே எட்டாம் வகுப்புக்கு வந்து சொல்றீங்களா? ஒருத்தருக்கும் மறக்காது" என்று கேட்டார். போனேன், மூடி பறந்ததுவரை சொன்னேன். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் எழுந்து, "சார், தப்பு உங்களுதுன்னு தெரியும்ல? அப்புறம் ஏன் பாத்திரத்தைச் சொன்னீங்க?" என்று கேட்டாள். கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுதுவதற்கு ஒரு சமன்பாடும் வரவில்லை.

இப்போது தங்களுக்காகத் தெளிவாக எழுதுகிறேன். அந்தக் கேன் நன்றாகச் செய்த கேன். அதன் மூடி அவ்வளவு கச்சிதமாக இருந்ததால்தான் கூரைவரை போனது. பதினேழு ஓட்டைகளும் என்னுடையவை. முதல் ஓட்டை, தங்கள் வீட்டில் 'பாத்திரம்' என்று வாயை விட்டபோது விழுந்தது. இரண்டாவது, 'பிரமாதம்' என்று சொன்னபோது. மற்றவற்றுக்கு ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டினால் தாள் போதாது. பெரியது எது என்று தங்களுக்கே தெரியும், அந்த நாலு சொல். யாராவது கடையில் வந்து கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். ஒழுகியது கேன் இல்லை, வாத்தியார் என்று சொல்லலாம்.

இனிமேல் எந்தப் பெரியவர் எதை அன்போடு கொடுத்தாலும், பொருந்தாவிட்டால் பொருந்தாது என்று அவர் முகத்துக்கு நேராக, அந்த நிமிஷமே சொல்லிவிடுவேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

தங்கள் பதினொரு கேன்களும் பத்திரமாக இருக்கின்றன. அமிலக் கழிவையெல்லாம் பள்ளியில் வாங்கிய தடித்த பிளாஸ்டிக் கேன்களுக்கு மாற்றியாயிற்று. மிச்சம் இருப்பது குளோரோஃபார்ம் கலந்த நாலைந்து பாட்டில் கழிவு மட்டும்தான். அதற்குக் கண்ணாடிப் பாட்டிலுக்குச் சொல்லியிருக்கிறோம். வண்டி திங்கட்கிழமை வருகிறது. சட்டையைச் சலவைக்குப் போட வேண்டாம், அந்த நீலக் கறை போகாது. அதே நிறத்தில், அதே அளவில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நேரில் கொண்டுவந்து தர அனுமதி வேண்டும்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். சீட்டு ஒன்று கேட்டீர்கள், இத்துடன் இணைத்திருக்கிறேன். சீட்டம்மா தன் கையால் எழுதியது. மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். தாங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். தங்கள் கையின் நடுக்கத்துக்கு வைத்தியரைப் பார்த்தீர்களா என்று என் மனைவி கேட்கச் சொன்னாள்.

கைகளை இரண்டு முறை கழுவிவிட்டு இதை எழுதியிருக்கும்,
தங்கள் சம்பந்தி,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன்
(மூடி வாத்தியார்)

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் வைக்கும்போது வாசல் மணி அடித்தது. மாப்பிள்ளை வந்திருக்கிறார். தாங்கள் அனுப்பியதாக ஆறு தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்களை இறக்கி வைத்தார். எதிர்க்கடையில் வாங்கியவை என்றார். அந்தப் பிளாஸ்டிக் கடை திறந்த நாளிலிருந்து அந்த மனிதரோடு பேச மாட்டேன் என்றிருந்த தாங்கள், படியேறிப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, அவரிடம் விவரம் கேட்டு வாங்கினீர்களாம். ஒவ்வொன்றிலும் காய்ச்சிய ஊசியால் 'அன்புடன் சம்பந்தி' என்று எழுதியிருக்கிறது. 'ம்'மின் புள்ளி இந்த முறையும் ஒரே இடத்தில் இல்லை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'சம்பந்தி, என் பாத்திரத்தால உங்களுக்குத் தலைகுனிவு. மனசுல வெச்சுக்காதீங்க. இது ஓட்டையாகாதுன்னு எதிர்க்கடைக்காரன் அடிச்சுச் சொல்றான்.'

உண்மைதான், ஓட்டையாகாது. ஆனால் மிச்சம் இருக்கும் குளோரோஃபார்ம் கழிவு அதை ஊறவைத்துவிடும். அதற்குக் கண்ணாடிதான் வேண்டும் என்று மேலே என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மை இன்னும் காயவில்லை.

"அப்பா கேட்டுட்டு வரச் சொன்னாரு மாமா. இதாவது பொருத்தமா இருக்கான்னு" என்றார் மாப்பிள்ளை.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"பிரமாதம்னு சொல்லுங்க மாப்பிள்ளை. மிகப் பொருத்தம்."

கரண்டி கீழே விழுந்தது. ஆகவே சம்பந்தி, இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். மேலே எழுதியது அனைத்தும் உண்மை. 'இனிமேல்' என்று தொடங்கும் வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும்.